கரு கலைந்தபின் காரணம் தேடுகையில் செய்யும் தவறுகள்

கரு கலைந்த வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் பலர், ஆறுதலுக்கு முன்பே விசாரணையைத் தொடங்கிவிடுகிறார்கள். "பப்பாளி சாப்பிட்டியா?", "ஸ்கூட்டியில போகாதேன்னு சொன்னேன்ல?" படுத்திருப்பவளோ தான் செய்த ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துக் குமைவாள். முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

முதல் 3 மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) கோளாறு. அம்மா அப்பா இருவரும் நல்ல ஆரோக்கியமாக இருந்தாலும் இது நேரும். வயது 35ஐத் தாண்டும்போது வாய்ப்பு கூடுகிறது, 40க்குப் பிறகு இன்னும் வேகமாக. ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். 10வது வாரத்தில் ரத்தப்போக்கு என்று ஓடியவருக்கு, கரு 7 வார அளவிலேயே நின்றுபோயிருப்பது பல நேரங்களில் தெரியவரும். அப்படியிருக்க, நேற்று ஏறிய மாடிப்படி எப்படிக் காரணமாகும்? மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் அதில் கூடும்.

சரி, அதற்காக எல்லாம் விதி என்று விட்டுவிடுவதும் தவறு. இரண்டு முறை கலைந்துவிட்டால் காரணம் தேடியே ஆக வேண்டும். ரத்தம் உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் இருந்தால், ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் பலருக்குக் கைகொடுக்கின்றன. தைராய்டு, கட்டுக்கு வராத சுகர், கர்ப்பப்பைக்குள் இருக்கும் தடுப்புச்சுவர் என்று பார்க்க இன்னும் பல உண்டு. குரோமோசோம் சோதனை தேவைப்பட்டால் கணவரும் ரத்தம் கொடுக்க வேண்டும். மருமகளை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவைப்பது நியாயமே இல்லை.

எந்த மாதத்தில் கலைந்தது என்பது முக்கியத் தடயம். 4, 5வது மாதத்தில் பெரிதாக வலியே இல்லாமல் கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டிருந்தால், அடுத்த முறை அதன் நீளத்தை ஸ்கேனில் அளந்து, தேவைப்பட்டால் தையல் போடலாம். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளை, மனம் கனத்தாலும், தூக்கிப் போடாதீர்கள். ரத்தம் நெகட்டிவ் குரூப் என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது.

ரத்தப்போக்கோடு அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் கரு, கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கி, குழாய் வெடித்திருக்கலாம். கைவைத்தியம் பார்க்கிற நேரமல்ல அது, தாயின் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், 7வது மாதத்துக்கு மேல் நேரும் இழப்புகள். உயர் ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு போன்றவை இங்கே காரணங்கள். "கடைசி மாசத்துல அசைவு குறையத்தான் செய்யும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். பிரசவம் வரை அசைவு இருக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.