மருந்து அடிக்கும் நாளில் உடலையும் வீட்டையும் காப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கும் ஒருவரிடம், நஞ்சு எந்த வழியாக உடலுக்குள் போகும் என்று கேட்டால், பெரும்பாலும் மூக்கைத்தான் காட்டுவார். அதனால்தான் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வெறுங்காலுடன் வேலையைத் தொடங்குகிறார்கள். உண்மையில் தெளிப்பு வேலையில் நஞ்சு மிகுதியாக நுழைவது தோல் வழியாகவே. தோல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில், முன்கை உறிஞ்சியதைப்போல ஏறத்தாழ 12 மடங்கு விரைப்பைத் தோல் உறிஞ்சியது தெரியவந்தது. நனைந்த லுங்கியோடு இரண்டு மணி நேரம் நிற்பது எத்தகைய ஆபத்து என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் தோலையும், அதன் வழியே வீட்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: புட்டியின் மேல் உள்ள நிறத்தைப் பாருங்கள்

இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லிப் புட்டியிலும் ஒரு சாய்சதுரம் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம் நச்சுத்தன்மையைக் குறிக்கும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றதும் தீங்கற்றது என்று எண்ணிவிட வேண்டாம். மற்றவற்றைவிடக் குறைந்த நச்சு என்பதே அதன் பொருள். நிறம் முழுக் கதையையும் சொல்வதில்லை. களைக்கொல்லியான பாராகுவாட் மஞ்சள் முக்கோணத்தில்தான் வருகிறது, ஆனால் அது உள்ளே போய்விட்டால் முறிமருந்து கிடையாது. ஆகவே கடைக்காரரிடம், இதைவிட நச்சுக் குறைந்தது இதே பூச்சிக்கு உண்டா என்று கேட்டு, முடிந்தவரை சிவப்பையும் மஞ்சளையும் தவிர்ப்பதே முதல் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. கையுறையும் முகமூடியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

படி 2: முதலில் வெறும் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள்

தெளிப்பானில் தண்ணீரை மட்டும் நிரப்பி, மூடி, குழாய் இணைப்பு, நாசில் (மருந்து பீறிடும் முனை) எங்கேனும் கசிகிறதா என்று பாருங்கள். முதுகுப்புறம் கசியும் டேங்க், சட்டையை நனைத்து வேலை முடியும்வரை முதுகுத் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வேலையின் நடுவே நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக்கூடாது. ஒரு பழைய பல்துலக்கியையும் கொஞ்சம் தண்ணீரையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

படி 3: உடுத்துதல்

முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், தலைக்குத் தொப்பி, கண்ணாடி, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரால் ஆன கையுறை. துணிக் கையுறையும் தோல் கையுறையும் நஞ்சை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் வெறுங்கையைவிடவும் கெடுதல் செய்யக்கூடும். கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் வழிகின்ற நீர் நேராகப் பாதத்தில் தேங்கும். முகத்தில் கட்டும் துண்டு நனைந்துவிட்டால், நஞ்சை மூக்கருகே கட்டிவைத்ததாகிவிடும்.

நம் ஊர் வெயிலில் இவ்வளவையும் போட்டுக்கொண்டு யாரால் வேலை செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, உடையைக் குறைப்பதில் இல்லை, நேரத்தை மாற்றுவதில் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே முடித்துவிடுங்கள். அதுவும் முடியாதவர்கள், குறைந்தது முதுகுக்கும் இடுப்புக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டாலே பெரும்பங்கு நனைதல் குறையும்.

படி 4: கலக்குதல்

நாள் முழுவதிலும் மிக ஆபத்தான நேரம் இந்த ஐந்து நிமிடம்தான். லிட்டருக்கு 2 மில்லி என்ற அளவில் கலக்கும் மருந்து என்றால், புட்டியில் இருப்பது டேங்கில் இருப்பதைவிட 500 மடங்கு செறிவானது. கையில் தெறித்த ஒரு துளியை டேங்கில் உள்ள கலவையின் 500 துளியாக எண்ணிக் கழுவ வேண்டும். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் ஆகும் திரவ மருந்துகளில் கலந்திருக்கும் கரைப்பான், நஞ்சு தோலுக்குள் புகுவதை மேலும் எளிதாக்குகிறது.

எனவே கலக்கும்போது மட்டுமாவது கையுறையும் கண்ணாடியும் விட்டுப்போகக் கூடாது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொள்ளுங்கள். புட்டி மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக்குவளையைப் பயன்படுத்துங்கள். நீண்ட குச்சியால் கலக்குங்கள். இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்தால் நன்றாக வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சேர்ந்த நஞ்சு உடலுக்குள் என்ன செய்யும் என்பதைப் புட்டியின் எந்தச் சீட்டும் சொல்லாது, மருத்துவருக்கும் எதற்கு மருத்துவம் பார்ப்பது என்ற குழப்பம் வரும். கிணற்றடியும் வாய்க்காலும் கலக்கும் இடமல்ல.

படி 5: தெளித்தல்

காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். அடித்து முடித்த வரிசைக்குள் திரும்ப நடக்காதீர்கள். இடையில் வெற்றிலை, பீடி, தேநீர் எதுவும் வேண்டாம். செடி இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டால் கைகால் மட்டுமன்றி முகமும் நனையும். 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்த செடிகளும், பாதுகாப்பு உடை இல்லாமையும், மருந்துகளைக் கலந்து அடித்ததும் காரணங்களாகப் பேசப்பட்டன. உயர்ந்த பயிருக்குள் நுழைந்து மேல்நோக்கி அடிக்கும் வேலையை ஒப்புக்கொள்ளாதிருக்கக் கூலித் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பதை நிலத்துக்காரர்களும் உணர வேண்டும்.

படி 6: வீட்டு வாசலில் நிற்கும் நஞ்சு

வயலில் இறங்காத பெண்களும் குழந்தைகளும் இந்த நஞ்சைப் பெறும் முக்கிய வழிகளில் ஒன்று துணி. வேலை முடிந்து வந்தவுடன் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். சட்டையை மனைவி மற்றத் துணிகளோடு சேர்த்துக் கையால் துவைப்பார். ஆகவே வீட்டுக்குள் நுழையுமுன் கொல்லைப்புறத்திலேயே உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளித்த பிறகே குழந்தையைத் தூக்குங்கள். அந்த உடையைத் தனி வாளியில் ஊறவைத்து, துவைப்பவர் கையுறை அணிந்து, வேறு துணியோடு சேர்க்காமல் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். அடித்தவரே தன் துணியைத் துவைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கருவுற்ற பெண்கள் இருக்கும் வீட்டில் இதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவு இது: கர்ப்பகாலத்தில் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிக்கொல்லி வகையின் எச்சம் மிக அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட, 7 வயதில் நுண்ணறிவுத் தேர்வில் சராசரியாக 7 புள்ளிகள் குறைவாகப் பெற்றார்கள்.

களை எடுக்கவும் பூப்பறிக்கவும் வருகிற பெண்களை மறந்துவிடக் கூடாது. முந்தின நாள் மாலை மருந்து அடித்த மல்லிகைத் தோட்டத்தில் விடியலில் வெறுங்கையால் மொட்டுப் பறிப்பவருக்கு இலையில் உள்ள எச்சம் நேராகக் கையில் ஏறும். எந்த நாளில் என்ன அடித்தோம் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, எத்தனை நாள் கழித்து நுழையலாம் என்று சீட்டில் குறித்திருப்பதைப் பின்பற்ற வேண்டும்.

படி 7: காலிப் புட்டி

மூன்று முறை தண்ணீர் விட்டுக் கழுவி, அந்த நீரையும் டேங்கிலேயே ஊற்றி, புட்டியில் ஓட்டை போட்டுவிடுங்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. எண்ணெயோ தண்ணீரோ ஊற்றிவைக்க ஒரு புட்டியும் எஞ்சக் கூடாது. மீதி மருந்தைக் குளிர்பானப் புட்டியில் மாற்றி வைக்கவும் கூடாது.

படி 8: உடம்பு சரியில்லை என்றால்

மருந்து அடித்த நாளில் வரும் தலைச்சுற்றலையும் வாந்தியையும் வெயில் என்றும் பித்தம் என்றும் சொல்லி எலுமிச்சைச்சாறு குடித்துப் படுத்துவிடும் பழக்கம் உண்டு. கண்மணியைப் பாருங்கள். அது ஊசிமுனை போலச் சுருங்கி, எச்சிலும் கண்ணீரும் வியர்வையும் பெருகி, தசை துடித்தால், அது ஆர்கனோபாஸ்பேட் அல்லது கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லி நஞ்சின் அடையாளம். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியை நிறுத்தும் நொதியை நஞ்சு முடக்கிவிடுவதால் உடல் ஓயாமல் தூண்டப்பட்டு, கடைசியில் மூச்சு நிற்கிறது.

உடனே துணியைக் களைந்து சோப்பு நீரால் கழுவுங்கள். உதவுகிறவரும் கையுறை அணிய வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலோ உப்பு நீரோ புளிக்கரைசலோ கொடுக்காதீர்கள். வாந்தி வந்தால் மருந்தில் உள்ள கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். இடப்பக்கமாகப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம். புட்டியையோ அதன் சீட்டையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரிந்தால் அட்ரோபின் போன்ற முறிமருந்தை மருத்துவர் தாமதமின்றித் தொடங்க முடியும்.

தெளிந்துவிட்டார் என்று மறுநாளே வீட்டுக்கு அழைத்துவர வற்புறுத்த வேண்டாம். இந்த வகை நஞ்சில் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் மீண்டும் தளரக்கூடும். படுத்திருப்பவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் அப்போதே செவிலியரை அழையுங்கள்.