அமெரிக்கக் காசைத் துலக்காதீர்கள்

கீழக்கரையில் எங்கள் பட்டறைக்கு வருகிற வெளிநாட்டுக் காசு பெரும்பாலும் இங்கிலாந்துப் பவுன்தான். எப்போதாவது வெளிநாட்டில் சம்பாதித்த ஒரு சபராளி வீட்டு அலமாரியிலிருந்து கழுகுப் படம் போட்ட அமெரிக்கக் காசு வெளியே வரும். கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றையே கேட்பார்கள்: "ஆசாரி, நல்லாத் துலக்கி எடை போட்டுச் சொல்லுங்க."

எடை போடலாம். துலக்கக் கூடாது. இதை நான் பாடுபட்டுக் கற்றுக்கொண்டேன். எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது ஒரு பெரியவர் அரைப் பவுன் கனத்தில் சின்னக் காசு ஒன்று கொடுத்தார். ஒரு பக்கம் இறகுத் தொப்பி வைத்த செவ்விந்தியர் தலை, மறுபக்கம் நிற்கிற கழுகு. அழுக்காக இருக்கிறதே என்று பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, அதுவும் போதாமல் பாலிஷ் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். பெரியவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பல வருடம் கழித்து அவர் மகன் ஹாங்காங்கில் அதைத் தரம் பார்க்கக் கொடுத்திருக்கிறார். 1911ஆம் வருடத்து இரண்டரை டாலர், டென்வர் அச்சகத்தின் 'டி' எழுத்து உள்ளது. அந்த வருடம் அந்த அச்சகம் அடித்ததே 55,680தான். அந்த வரிசையிலேயே தேடிப் பிடிக்க வேண்டிய காசு. தரத்துக்கான நம்பர் கிடைக்கவில்லை. "துலக்கப்பட்டது" என்று சீட்டு ஒட்டி வந்தது. துலக்கியவன் நான். மகன் ஊருக்கு வந்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆகவே காசு கைக்கு வந்தால் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடியுங்கள். கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள். உரைகல்லை எடுக்கவே எடுக்காதீர்கள். எங்கள் தொழிலில் கை தானாக உரைகல்லுக்குப் போகும். ஓரத்தில் ஒரு உரசல் விழுந்தால் அந்தக் காசின் கதை அங்கேயே பாதி முடிந்தது. தங்கமா என்று பார்க்கக் காரட் மீட்டர் இருக்கிறது, அது காசைத் தொடாது.

அடுத்தது எடை. 1838 முதல் 1933 வரை அடித்த அமெரிக்கத் தங்கக் காசு நூற்றுக்குத் தொண்ணூறு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. இருபது டாலர் 33.436 கிராம், விட்டம் 34 மில்லிமீட்டர். பத்து டாலர் 16.718 கிராம், 27 மில்லிமீட்டர். ஐந்து டாலர் 8.359 கிராம். இரண்டரை டாலர் 4.18 கிராம். ஐந்து டாலரைத்தான் நம் ஆட்கள் பவுன் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கிலாந்துப் பவுன் 7.98 கிராம், அது 22 காரட்; இது 21.6 காரட். இருபது டாலரில் சுத்தத் தங்கம் 30.09 கிராம் இருக்கிறது, நம்ம 22 காரட் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. இந்தத் தங்கத்துக்கு அன்றைய விலையில் வருகிற தொகையை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ராமநாதபுரம் கடைத்தெருவில் யார் விலை கேட்டாலும் இதிலிருந்து கழிவு போட்டுத்தான் கேட்பார்கள். வாங்கி உருக்கப் போகிறவருக்கு அதற்கு மேல் கொடுக்க ஒரு காரணமும் கிடையாது.

1986க்குப் பிறகு வந்த 'ஈகிள்' காசு வேறு. அது 22 காரட், ஒரு அவுன்ஸ் காசு 33.93 கிராம். 2006லிருந்து வருகிற 'பஃபலோ' சுத்தத் தங்கம். இவை முதலீட்டுக் காசுகள். சாதாரணமாக இவற்றுக்குத் தரம் பார்க்கச் செலவு செய்வது வீண்.

சவூதியில் இருந்து வந்தவர்கள் வீட்டில் இன்னொரு சாமான் கிடைக்கலாம். கழுகுப் படமும் பிலடெல்பியா அச்சகத்தின் பெயரும் இருக்கும், டாலர் மதிப்பு இருக்காது. எண்ணெய்க்கான பங்குத் தொகையைத் தங்கமாகக் கொடுக்க 1940களில் அமெரிக்க அச்சகம் அடித்துக் கொடுத்த வட்டு அது. பெரியது நாலு பவுன் எடை, சின்னது ஒரு பவுன். என் கைக்கு இதுவரை ஒன்றுகூட வரவில்லை. உங்கள் வீட்டில் இருந்தால் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

போலிக்கு வருவோம். எடை சரியாக இருந்தால் காசு நல்ல காசு என்று அர்த்தமில்லை. சென்ற நூற்றாண்டின் நடுவில் பெய்ரூட் பக்கம் அசல் தங்கத்திலேயே போலி அடித்தார்கள். தங்கம் சரி, அச்சுதான் பொய். அதனால் பத்து மடங்கு லென்ஸை எடுத்து எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல அச்சில் எழுத்து வெட்டினாற்போல எழும்பி நிற்கும். வார்ப்புப் போலியில் சோப்புக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருக்கும், தரையில், அதாவது காசின் வெற்றுப் பரப்பில், சின்னச் சின்னப் பருவும் குழியும் தெரியும். நடந்து வரும் பெண் உருவம் போட்ட இருபது டாலரில் நட்சத்திரங்களை எண்ணுங்கள்: 1911 வரை 46, 1912லிருந்து 48. அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் மாநிலமானதால் இரண்டு கூடியது. 1907இல் ரோமன் எண்ணில் வருடம் போட்டு, உருவம் நன்றாக எழும்பி நிற்கும்படி அடித்த காசைப் போலி செய்த ஒருவன் கழுகின் நகத்துக்குள் கிரேக்க ஒமேகா எழுத்தைச் சின்னதாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கையெழுத்துப் போட்டுத் திருடியவன் அவன் ஒருவன்தான் போல. சந்தேகம் தீரவில்லை என்றால் தண்ணீர்த் தராசில் அடர்த்தி பாருங்கள், 17.2 அளவில் நிற்க வேண்டும்.

இனித் தரம். முத்தைப் பித்தளைச் சல்லடையில் சலித்துப் பிரித்த கடற்கரை இது, தரம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்கக்காரர்கள் காசுக்கு 1 முதல் 70 வரை நம்பர் கொடுக்கிறார்கள். ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய செம்புக் காசுகளுக்காகப் போட்ட கணக்கு அது. 60ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. 50 முதல் 58 வரை லேசாகக் கைபட்டது. அதற்குக் கீழே போகப் போகத் தேய்மானம்.

இதைப் பார்க்க ட்யூப்லைட் உதவாது. இருட்டு அறையில் ஒரே ஒரு குண்டு பல்பு போட்டு, காசை மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். தேயாத காசில் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் சுற்றுவது போல ஒளி ஓடும். ஓடுகிற ஒளி எங்கேயாவது உடைந்தால் அங்கே தேய்ந்திருக்கிறது. நடக்கும் பெண் காசில் முழங்காலும் மார்பும்தான் முதலில் தேயும். தலை மட்டும் உள்ள பழைய காசில் கண்ணுக்கு மேலே இருக்கும் முடி. செவ்விந்தியர் தலை உள்ள இரண்டரை, ஐந்து டாலர்களில் உருவம் தரைக்குள் அமுங்கியிருப்பதால் எங்களையே ஏமாற்றும். கன்னத்து எலும்பையும் கழுகின் தோளையும் பார்க்க வேண்டும். துலக்கிய காசில் ஒளி ஓடாது, மொத்தமாக ஒரே பளபளப்பாக நிற்கும். லென்ஸில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் தெரியும்.

கெட்டித் துணிப் பைகளில் மொத்தமாகப் போட்டுக் கொண்டுபோன காசுகள் இவை. ஒன்றோடொன்று இடித்த தடம் இருப்பது குற்றமில்லை, நம்பர்தான் குறையும். என் கண்ணுக்கு 61 நம்பர்க் காசைவிட 58 பல நேரம் அழகாகத் தெரியும். ஆனால் வளையம் வைத்துப் பற்றவைத்தது, துளை போட்டது, துலக்கியது இவற்றுக்கு நம்பரே கிடையாது. நம் ஊரில் காசுமாலைக்கும் பதக்கத்துக்கும் போன காசு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். வளையத்தை வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாது, பற்று வைத்த தடம் நிற்கும். அதை நகையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அச்சக எழுத்து. நடக்கும் பெண் காசில் வருடத்துக்கு மேலே பாருங்கள். எழுத்து இல்லையென்றால் பிலடெல்பியா, 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோ, 'டி' என்றால் டென்வர். 1924 எழுத்தில்லாத காசு கொள்ளை கொள்ளையாகக் கிடைக்கும். வெளிநாட்டு வங்கிகளுக்குப் போனதால் தப்பியது. அதே வருடத்து 'எஸ்', 'டி' காசுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கருவூலத்திலேயே இருந்து, 1933இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தங்கக் காசுப் புழக்கத்தை நிறுத்திய பிறகு உருகிப் போனது. 1927இல் எழுத்தில்லாதது சாதாரணம். 'டி' எழுத்துள்ளது பத்து லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போகிறது. இடம்புரிச் சங்குக்கும் வலம்புரிச் சங்குக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரம் கொடுக்கிறவர்களில் உலகம் முழுக்க நம்புவது இரண்டு நிறுவனங்களை: 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி. காசை நம்பரோடு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடிக் கொடுப்பார்கள். அந்தக் கூட்டிலும் போலி உண்டு; சீட்டில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

இங்கேதான் பெரிய சிக்கல். 1972ஆம் வருடத்துப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு பழம்பொருள். எந்த நாட்டுக் காசு என்று சட்டம் பிரிக்கவில்லை. அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தரம் பார்த்துத் திரும்பி வரத்தானே என்றாலும் நடக்காது. ஒவ்வொரு வருடமும் இன்னொரு வருடத்துக் காசு அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. சட்டைப் பையில் போட்டுக் கொண்டுபோகிறேன் என்று ஒரு தம்பி சொன்னார். பிடித்தால் காசும் போகும், சிறைத் தண்டனையும் உண்டு என்று சொல்லி உட்கார வைத்தேன்.

அதனால் என் யோசனை: காசு ஹாங்காங்கில் இருக்கிறதா, அங்கேயே தரம் பாருங்கள், இரண்டு நிறுவனத்துக்கும் அங்கே அலுவலகம் உண்டு. விற்பதையும் வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பாசத்தில் ஊருக்குக் கொண்டு வந்துவிடாதீர்கள். வரும்போது சுங்கத்தில் கிடைக்கிற சலுகையும் நகைக்குத்தான், காசுக்கு இல்லை. ஏற்கெனவே ஊருக்கு வந்துவிட்ட பழைய காசை மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் மாதிரி உள்நாட்டு ஏலக்காரர்களிடம் காட்டலாம்.

அமெரிக்காவில் ஏலம் என்றால் டல்லாஸ் ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பௌவர்ஸ் போன்றவை. ஏலத்துக்குக் கொடுக்கும் முன் அதே வருடம், அதே எழுத்து, அதே நம்பர் காசு முன்பு என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள், அவர்கள் தளத்திலேயே பழைய விலைகள் இருக்கும். 62 நம்பர் உள்ள 1924 காசு தங்க விலையை ஒட்டியேதான் போகும். தரம் பார்த்த கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் கைநஷ்டம். 66 என்றால் பேச்சே வேறு.

கணக்கு இப்படி: ஏலச் சுத்தியல் 2,500 டாலரில் விழுகிறது, வாங்குகிறவர் மேல்தொகை 20 சதவீதம் என்றால் அவர் கொடுப்பது 3,000. விற்பவரிடம் 5 சதவீதம் பிடித்தால் உங்கள் கைக்கு 2,375. நல்ல காசாக இருந்தால் அந்த 5 சதவீதத்தைப் பேசிக் குறைக்கலாம், தயங்காமல் கேளுங்கள். பணம் வரச் சில வாரம் ஆகும். ஜனவரியில் ஃப்ளோரிடாவிலும் ஆகஸ்டில் அமெரிக்க நாணயச் சங்கத்தின் கண்காட்சியிலும் கூட்டம் அதிகம், அதற்குச் சில மாதம் முன்பே காசைக் கொடுத்துவிட வேண்டும்.

விற்காமல் வைப்பவர்களுக்கு ஒன்று. நம் உப்புக் காற்றில் தங்கம் கெடாது, அதிலுள்ள செம்பு சிவப்புப் புள்ளியாகப் பூக்கும். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். கெட்டியான காற்றுப் புகாத கூட்டில் போட்டு, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். போன மாதம் ஒரு அம்மா 1908 இருபது டாலரைப் பேத்தி கல்யாணத்துக்குப் பதக்கமாக்கக் கொண்டு வந்தார்கள். ஒளி அப்படி ஓடியது. அதை அந்தக் கூட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, பதக்கத்துக்கு வேறு தங்கம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.