மீந்த சோற்றை எடுத்து வைக்கும் முறை

மதியம் வடித்த சோறு மீந்தால், பானையை மூடி அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுவதுதான் முன்பு எங்கள் வீட்டு வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், அப்படி இரவு முழுவதும் வெளியே இருந்த சோற்றைக் காலையில் முட்டை போட்டு வறுத்துத் தங்கை மகனுக்குக் கொடுத்தேன். கொடுக்கும் முன் முகர்ந்து பார்த்தேன். ஊசின வாடை இல்லை. பிசைந்து பார்த்தேன், நூல் விடவில்லை. ஆவி பறக்கச் சூடாக்கித்தான் தட்டில் போட்டேன். மூன்று மணி நேரத்தில் பிள்ளை வாந்தி எடுக்க ஆரம்பித்தான். மாலைக்குள் தெளிந்துவிட்டான் என்றாலும், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

எங்கே தவறினேன் என்று பிறகுதான் விளங்கிற்று. மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அரிசியோடு நம் வீட்டுக்கு வருகிறது. சோறு கொதிக்கும்போது பாக்டீரியா செத்தாலும் அதன் வித்துகள் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நிற்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு, திரும்ப எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. 'கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற நம் நம்பிக்கை இந்த இடத்தில் பலிக்காது.

பாக்டீரியாக்களுக்குப் பிடித்த சூடு 5 முதல் 60 டிகிரி வரை. பெரிய பானை நிறையச் சோறு இருந்தால் மேலே ஆறிவிட்டதுபோலத் தெரியும். கரண்டியை நடுவில் விட்டு ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். வடித்து மூன்று மணி நேரம் ஆன பின்னும் உள்ளே கதகதப்பு இருக்கும். மூடியின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். சோற்றை அந்தக் கதகதப்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிட வேண்டும்.

நான் செய்வது இதுதான். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், காத்திராமல், மீந்ததை அகலமான தாம்பாளத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுவேன். கையால் தொடாமல் காய்ந்த கரண்டியால் கிளறிவிட வேண்டும். ஈ மொய்க்காமல் வலை மூடி. இருபது நிமிடத்தில் ஆவி அடங்கிவிடும். உடனே தட்டையான சிறு டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். முழுக்கச் சில்லிடும்வரை வெளியே வைத்திருக்கத் தேவையில்லை. வடித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மறுநாளே தீர்த்துவிடுங்கள். வேண்டிய டப்பாவை மட்டும் எடுத்து, தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, உள்வரை ஆவி வரும்படி சூடாக்குங்கள். ஒரு முறை சூடாக்கியதை மறுபடி எடுத்து வைக்கக் கூடாது.

பழைய சோறு சாப்பிடுகிறோமே என்று கேட்பீர்கள். எனக்கும் அது உயிர். அதில் தண்ணீர் ஊற்றியதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகளைத் தடுக்கிறது. வெறுமனே மூடி வைத்த சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை. புளியோதரை ரயில் பயணத்துக்குத் தாங்குவதற்கும் தேங்காய்ச் சாதம் மதியத்துக்குள் ஊசிப்போவதற்கும் பெரிய காரணம் புளி இருப்பதும் இல்லாததும்தான். பழைய சோற்றுக்கும் நான் தாம்பாளத்தில் ஆற்றிய பிறகே தண்ணீர் ஊற்றுகிறேன்.

கோழிக்கறி சமைக்கும் நாளில் இன்னொரு கவனம் வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுக் கறியைக் கழுவினால், தெறிக்கும் நீரோடு கிருமிகளும் பக்கத்தில் இருக்கும் தட்டு, கொத்தமல்லி, இந்தச் சோற்றுத் தாம்பாளம் வரைக்கும் போகும். நன்றாக வேகும் கறிக்குக் கழுவல் தேவையே இல்லை. எலும்புத் துகள் உறுத்தினால் பாத்திரத்து நீரில் மெல்ல அலசிவிட்டு, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரவு மறந்து வெளியே விட்ட சோற்றை இப்போது நான் முகர்ந்து பார்ப்பதில்லை. நேராகக் கொட்டிவிட்டு, அன்றைக்கு அரிசியை அரை டம்ளர் குறைத்து அளக்கிறேன்.