பெரிய கோப்பில் தாவித் தாவிப் படிக்க எம்மேப்

லினக்ஸில் சி நிரல் எழுதும்போது, பல ஜிபி அளவுள்ள கோப்பில் முன்னும் பின்னுமாகத் தாவிப் படிக்க வேண்டியிருந்தால், எல்சீக் (lseek, படிக்கும் இடத்தை மாற்றுவது), ரீட் (read, படிப்பது) என்று மாறி மாறி அழைப்பதை விட்டு, கோப்பு முழுவதையும் எம்மேப் (mmap) மூலம் ஒரே அழைப்பில் நினைவகத்தோடு இணைத்து, கிடைக்கும் சுட்டியைச் சாதாரண வரிசையைப் போலவே கையாளுங்கள். இணைப்பு கிடைத்ததுமே கோப்பை க்ளோஸ் செய்துவிடலாம். இணைப்பை நீக்கும் மன்மேப்பை (munmap) அழைக்கும் வரை இணைப்பு அறுபடாது. அழைப்பு தோற்றால் திரும்புவது நல் (NULL, வெற்றுச் சுட்டி) அல்ல, மேப்_ஃபெயில்டு (MAP_FAILED) என்பதை மறந்துவிடுபவர்கள் பலர்.

இணைக்கும்போது கோப்பு முழுவதும் படிக்கப்படுவதில்லை. நீங்கள் தொடும் இடங்களே, பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கங்களாக, தேவைப்படும்போது வந்து சேர்கின்றன. ரீட் அழைப்பு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் வைத்திருக்கும் பக்கங்களிலிருந்து உங்கள் பஃபருக்கு நகலெடுக்கிறது. எம்மேப்பில் அந்தப் பக்கங்களே உங்கள் நிரலுக்கு நேரடியாகத் தெரிவதால் அந்த நகலெடுப்பு மிச்சமாகிறது.

நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் பைப், சாக்கெட் ஆகியவற்றுக்கு இது பயன்படாது. காலிக் கோப்பை இணைக்க முயன்றால் லினக்ஸ் ஈஇன்வேல் (EINVAL, செல்லாத மதிப்பு) பிழை தரும். சிறிய கோப்பை ஒரே முறை தொடக்கத்திலிருந்து படித்து முடிப்பதற்கு ரீட் போதும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறொரு நிரல் கோப்பின் நீளத்தைக் குறைத்துவிட்டால், இல்லாமல் போன பகுதியைத் தொட்டதும் பிழை எண் எதுவும் வராமல் சிக்பஸ் (SIGBUS) சமிக்ஞையில் உங்கள் நிரல் நின்றுவிடும் என்பதால், பிறர் மாற்றக்கூடிய கோப்புகளுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. கோப்பின் இறுதியில் பூஜ்ய பைட் இருக்கும் என நம்பி பூஜ்ய பைட் வரும் வரை நீளத்தை எண்ணும் எஸ்டிஆர்லென்னை (strlen) அழைக்கவும் வேண்டாம்: அளவு சரியாக 4096-இன் மடங்காக இருந்து, கடைசிப் பக்கத்தில் பூஜ்யம் நிரம்பிய மிச்ச இடம் இல்லாத நாளில் அது எல்லை தாண்டிவிடும்.