லேவியராகமத்தில் நின்றுபோன வாசிப்பு

தினமும் வேதாகமம் (பைபிள்) வாசித்தும் மனதில் எதுவும் ஒட்டவில்லை. அதன் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் பலிமுறைகளுக்குள் நுழைந்ததும் கண் மட்டும் ஓடும், மூடியதும் மறந்துவிடும். மன்னிப்பு ஜெபமும் வெறும் குற்றப் பட்டியலாக முடிந்தது.

நேரத்தை மாற்றினேன். விடிகாலையில் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்துவிடும், இரவில் தூக்கம். கடற்கரை நிலையம் செல்லும் மின்சார ரயிலில் ஒலி வேதாகமம் கேட்டேன். ராயபுரத்தில் கூட்டம் ஏறியதும் தொடர்ச்சி அறுந்தது. ஓராண்டுத் திட்டத்தில் 1,189 அதிகாரங்களை முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும்; வேகம்தான் மிஞ்சியது.

வழி வேதாகமத்தின் பாடல் தொகுப்பான சங்கீதங்களில், 51-ஆம் சங்கீதத்தில் கிடைத்தது. பாவ அறிக்கை என்றே அதை அறிவோம். ஆனால் முதல் வசனத்தைக் கவனியுங்கள்: தன் மீறுதல்களைச் சொல்லும் முன்பே அதைப் பாடிய தாவீது ராஜா தேவனுடைய கிருபையைப் பற்றிக்கொள்கிறான். தேவனுடைய தயவே மனந்திரும்ப ஏவுகிறது என்று ரோமர் நிருபத்தில் (2:4) அப்போஸ்தலன் பவுலும் எழுதுகிறார்.

அதே வரிசையைப் பிடித்தேன். முந்தைய நாள் பெற்ற நன்மை ஒன்றுக்கு வாய்விட்டு நன்றி, பிறகு சிறு பகுதி, சத்தமாக, கடைசியில்தான் அறிக்கை. தொடங்குவதற்கு 119-ஆம் சங்கீதம் மிகப் பொருத்தம்: எட்டெட்டு வசனங்களாக 22 பகுதிகள்.

பிறகு லேவியராகமத்துக்குத் திரும்பினேன். கர்த்தர் எவ்வளவு நல்லவர்! நான்காம் அதிகாரத்தில் மன்னிக்கப்படும் என்ற வாக்கு திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்தாம் அதிகாரத்தில், பாவத்துக்கான பலியாக ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம்; அதற்கும் இயலாதவனுக்குக் கொஞ்சம் மாவு போதும்.