மகளின் நடனக் கில்ட்டுக்கு டார்டன் துணி: என் அனுபவம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஹைலேண்ட் என்ற அந்நாட்டு மரபு நடனம் கற்கும் என் மகளுக்கு, டார்டன் எனப்படும் வண்ணக் கட்டம் போட்ட துணியில் நானே கில்ட் (பின்புறம் மடிப்பு வைத்த ஸ்காட்லாந்துப் பாவாடை) தைத்தேன். முதலில் வாங்கியது விலை குறைந்த பாலியெஸ்டர் விஸ்கோஸ் துணி. ஒருமுறை துவைத்ததுமே மடிப்பெல்லாம் விரிந்துவிட்டது. கட்டமும் பெரியது. மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு முழுக் கட்டத்தை விழுங்கியதால், அந்தச் சின்ன இடுப்புக்குப் பின்னால் ஒரே தடிமன்.

சரி, பிரித்துப் போட்டுவிட்டு, கெஜத்துக்கு 11 அவுன்ஸ் எடையுள்ள கம்பளித் துணிக்கு மாறினேன். 4 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் சிறிய கட்டம். வெள்ளை அதிகமுள்ள ‘டிரெஸ்’ டார்டன், மேடையில் பளிச்சென்று தெரியும். கில்ட்டின் கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை, துணியின் கரைதான் விளிம்பு. அதனால் கரை பிசிறில்லாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தே வாங்கினேன்.

இப்போது அவள் குதித்தால் மடிப்புகள் விசிறியாய் விரிந்து, கால் தரையில் பட்டதும் தானாக மூடிக்கொள்கின்றன.