கிடேரிக் கன்றுத் தீவனம்: செலவை ஏற்றிவிடும் தவறுகள்

கறக்கிற மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும், கன்றுக்கு வைக்கோல். பல கட்டுத்தரைகளில் இதுதான் வழக்கம். கிடேரி, அதாவது பெண் கன்று, இப்போதைக்குப் பால் தரப்போவதில்லை, அதற்கு எதற்குச் செலவு என்று நினைத்துவிடுகிறோம். பணம் கரைவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போடலாம். விலையை உங்கள் ஊர்ப்படி மாற்றிக்கொள்ளுங்கள். நாளுக்கு 35 ரூபாய்க்குத் தின்னும் கன்று மாதம் 4 கிலோ ஏறினால், ஒரு கிலோ எடைக்கு 262 ரூபாய் ஆகிறது. 60 ரூபாய்க்குத் தின்று 12 கிலோ ஏறினால் 150 ரூபாய்தான். தின்பதில் முதல் பங்கு உயிரைத் தாங்கவே போய்விடும், மீதிதான் உடம்பில் ஒட்டும். கலப்பினக் கிடேரி ஒன்றரை வயதுக்குள் 220 முதல் 250 கிலோவைத் தொட்டால் சினை ஊசி போடலாம். அரைவயிறாக வளர்த்து இரண்டரை வயதில் அந்த எடைக்குக் கொண்டுவந்தால், கூடுதலாகப் போட்ட ஒரு வருடத் தீவனம் வீண்.

அடுத்த தவறு, எடையைக் கண்ணால் மதிப்பிடுவது. தையல்கார டேப் போதும். காலையில் தீவனம், தண்ணீர் காட்டும் முன் முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 40, நீளம் 38 என்றால் 92 கிலோ. மாதம் கழித்து 42, 39 என்றால் 104. நாளுக்கு 400 கிராம் ஏறியிருக்கிறது, சரி, தீவனம் வேலை செய்கிறது.

வயிறு பானை மாதிரி தொங்கி, முதுகெலும்பு தெரிந்து, முடி சிலிர்த்து நிற்கும் கன்றைப் பார்த்திருப்பீர்கள். நன்றாகத் தின்கிறது என்று நினைக்கத் தோன்றும். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். வயிறு நிறையும், சதை பிடிக்காது. இரண்டாவது வாரத்திலிருந்தே கன்றுத் தீவனத்தைக் கைப்பிடியளவு நாக்கில் தடவிப் பழக்குங்கள். அசைபோடும் மாட்டின் முதல் பெரிய வயிறான அசையூண் வயிறு வளர்வதே இந்தத் தீவனத்தால்தான். பசுந்தீவனத்திலும் ஏமாறுவோம்: 10 கிலோ கோ-4 என்ற கம்பு நேப்பியர் தீவனப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். கூடவே வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனப் பயிரையோ அகத்தியையோ நறுக்கிப் போட்டால் புண்ணாக்குச் செலவு கொஞ்சம் இறங்கும். யூரியா ஊட்டிய வைக்கோலை ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் காட்டவே வேண்டாம்.

மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் மொத்தமாக ஊற்றுவது ஆபத்து, வயிறு புளித்து உயிரே போகலாம். ஒரு வயதுக்கு மேல் அடர்தீவனத்தை, அதாவது தவிடு, புண்ணாக்கு போன்றவற்றை, அள்ளிப் போடுவதும் வேண்டாம். அப்போது சேர்வது கொழுப்பு. அது சினை பிடிப்பதையும் கெடுக்கும், மடியையும் கெடுக்கும்.

அப்புறம், குடற்புழு. எல்லாம் சரியாகப் போட்டும் டேப் அசையவில்லை என்றால், தீவனத்தைக் கூட்டும் முன் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.